மாலை ஐந்து மணி நிலவரம்

“29.12.2011, வியாழன். மாலை 5.00 மணி நிலவரம்: மையம் புதுவைக்குக் கிழக்கே கடலில். மேற்கு நோக்கி நகர்வு, வேகத்தில் மாற்றம் இல்லை. கரையைத் தொடுவது நாளை பகல் 11.30க்கும் 12.30க்கும் இடையில், கடலூருக்குச் சற்று வடக்கே. காலை எட்டு வரை நேரம் உண்டு.”

என் நோட்டில் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. ‘நேரம் உண்டு’ என்பதன் கீழ் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். திசை சரியாக வந்தது. இடம் சரியாக வந்தது. நேரம் மட்டும் தப்பிவிட்டது. புயல் பகல் பன்னிரண்டுக்கு வரவில்லை, விடிகிற நேரத்தில் வந்தது. இல்லாத அந்த நேரத்தை நம்பிக் கடலூர் முதுநகரில் ஒரு சிமென்ட் ஷீட் வீட்டுக்குள் நான்கு பேர் படுத்துத் தூங்கினோம். எங்களில் ஒருவன் என் மனைவியின் தம்பி. அவன் வலது கையால் இன்று ஒரு தம்ளரைப் பிடிக்க முடியாது.

பிழை எங்கே நடந்தது என்பதை எனக்குத் தெரியவந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் சிதம்பரத்தில் நில அளவை வரைபடங்கள் வரைகிற வேலை பார்த்தவன். மேடு பள்ளங்களைக் கோடுகளாக இழுத்துப் பழகிய கை, ஒரு கட்டத்தில் வானிலை வரைபடத்துக்குப் போனது. நிலத்தில் ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். ஒரே காற்றழுத்தம் உள்ள ஊர்களைச் சேர்த்தாலும் அப்படித்தான். வானிலை வரைபடத்தில் ஒவ்வொரு ஊரும் ஒரு சின்ன வட்டம். வட்டத்திலிருந்து நீளும் காம்பு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் காட்டும். காம்பில் உள்ள இறகுகள் அதன் வேகம். பக்கத்தில் இருக்கும் மூன்று இலக்கம் அழுத்தம். கோடுகள் விலகியிருந்தால் அமைதி, நெருங்கியிருந்தால் காற்று. வட்டமாக நெருங்கினால் ஓட வேண்டும்.

உலகம் முழுக்க எல்லா நிலையங்களிலும் ஒரே கணத்தில் கருவியைப் பார்ப்பார்கள். அதனால் வரைபடத்தில் போடுவது கிரீன்விச் நேரம். நம் நேரம் வேண்டுமென்றால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. தாள் கைக்கு வந்ததும் முதல் வேலையாகச் சிவப்புப் பென்சிலை எடுத்து, ஐந்தரை கூட்டி, வலது மேல் மூலையில் நம் நேரத்தை எழுதி வட்டமிடுவேன். அதற்குப் பிறகுதான் வரைபடத்தையே பார்ப்பேன். 1996 ஜூனிலிருந்து பதினைந்து வருடம் இதை ஒரு நாளும் மறந்ததில்லை.

அந்த வியாழக்கிழமை அலுவலகம் முடிந்து கீழவீதிக்குப் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். மழை பிடித்துவிட்டது. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. வழக்கமாக நான் எடுக்கும் பக்கம் திறக்கவில்லை. சென்டர்காரர், “சார், ஷட்டர் போடணும், சீக்கிரம்” என்றார். வேறொரு பக்கத்தில் கிடைத்த தாளை அச்செடுத்தேன். அதில் 11.30 என்று இருந்தது. சிவப்புப் பென்சிலால் 5.00 என்று எழுதி வட்டமிட்டேன். சுவர்க் கடிகாரத்தில் அப்போது ஐந்து நாற்பது. இவ்வளவு புதிய தாள் கிடைத்ததே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன். காரணம், என் மாமியார். பதினெட்டு நாள் முன்பு வழுக்கி விழுந்து, இடுப்பில் பிளேட் வைத்துத் தைத்து, முதுநகரில் மகன் வீட்டில் படுக்கையில் இருந்தார். துறைமுகத்துக்குப் போகும் வழியில் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. முன்னறை என் மச்சானின் பட்டறை. போட் எஞ்சின் பார்ப்பான், வெல்டிங் அடிப்பான். பின்னால் ஓர் அறையும் சமையலறையும். மொத்தத்துக்கும் இரும்பு பைப் சட்டத்தின் மேல் சிமென்ட் ஷீட். பிள்ளைகள் இருவரும் அரைப்பரீட்சை லீவுக்குக் காட்டுமன்னார்கோயிலில் அவன் மாமனார் வீட்டில் இருந்தார்கள். வீட்டில் மச்சான், அவன் மனைவி, அத்தை.

போய்ச் சேர்ந்தபோது ஏழேகால். மச்சான் தெருவில் நின்றுகொண்டிருந்தான்.

“வந்துட்டாருடா நம்ம வானிலை! இன்னா மாமா, புயல பஸ்லயே கூட்டிக்கினு வந்துட்டீங்களா?”

“சிரிக்காத. காத்து எங்கேருந்து வருது பாரு.”

நான் முன்பு சொல்லிக்கொடுத்தது அவனுக்கு நினைவிருந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றான். இடது கையை நீட்டினான். அந்தக் கை காட்டும் பக்கத்தில் புயல் இருக்கும். காற்று வடக்கேயிருந்து வந்தது, கை கிழக்கே நீண்டது.

“கரெக்டா கடல்ல நிக்கிது மாமா. எதிர்க்க ஐஸ் கம்பெனி அண்ணன் வீடுதான் மறைக்கிது.”

எதிர்வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர் வீடு காங்கிரீட், ஆனால் தெருவைவிட ஒன்றரை அடி பள்ளம். சாதாரண மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். அவர் குடும்பத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். தெருமுனையில் வேன் நின்றது. ஒலிபெருக்கி வைத்து எல்லோரையும் ஏறச் சொன்னார்கள்.

“தம்பி, அம்மாவத் தூக்கு. வேன்ல எடம் வச்சிருக்கேன்” என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தான். அவன் எதை யோசிக்கிறான் என்று எனக்குத் தெரியும். அத்தையால் சம்மணம் போட முடியாது, குந்த முடியாது. நூற்றுக்கணக்கானவர்கள் படுத்திருக்கும் கூடத்தில் சிமென்ட் தரை. இருப்பது இரண்டு கக்கூஸ், அவையும் முற்றத்தைத் தாண்டி. தையல் இன்னும் முழுதாக ஆறவில்லை. அங்கே ஓர் இரவு முழுவதும் அவரைக் கிடத்துவதா, அல்லது காலையில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்ச் சில மணி நேரம் மட்டும் வைத்திருப்பதா? டீவியில் ‘நாளை காலை’ என்றார்கள். காலை என்பது எத்தனை மணி? அதைச் சொல்லத்தான் நான் வந்திருந்தேன்.

தாளை விரித்து டார்ச் அடித்துக் காட்டினேன். “இங்க பாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இங்க இருக்குது. இந்த வேகத்துல வந்தா நாளைக்குப் பகல் பன்னெண்டு. முன்ன பின்ன அரை மணி. காத்து பலமாவுறது எட்டு மணிக்கு மேல. ஆறரைக்குக் கெளம்பினா போதும்.”

“கேட்டீங்களாண்ணே?” என்றான் மச்சான். “பென்சில்ல கோடு போட்டுக் காட்டுறாரு. நீங்க போங்க. காலைல ஆறரைக்கு நாங்க வந்துர்றோம். எங்களுக்கு எடம் புடிச்சி வையிங்க, ஃபேனுக்குக் கீழ.”

“கரண்டே இருக்காது, ஃபேன் ஒண்ணு கேடு ஒனக்கு” என்று சொல்லிவிட்டு அவர் போனார். வேன் போனது. தெருவில் எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது.

உள்ளே அத்தை, “இன்னா சொல்றாரு மாப்ள?” என்று கேட்டார்.

“காலைலதாம்மா. நீ தூங்கு.”

“அப்பாடா. அந்த ஸ்கூல்ல போயி எவ கால எவ மிதிப்பாளோன்னு இருந்தேன்.”

அந்த வீட்டுச் சுவரில் பித்தளை வட்டத்தில் ஒரு காற்றழுத்தமானி மாட்டியிருந்தது. உடைக்க வந்த பழைய போட் ஒன்றிலிருந்து மச்சான் கழற்றி வைத்தது. அதற்கு ஜோடியாக இன்னொன்று என் வீட்டில், அதுவும் அவன் கொடுத்ததுதான். நம் பக்கத்தில் அழுத்தம் தினமும் கடிகாரம்போல நடக்கும். மாலை நான்கு மணிவாக்கில் தாழ்ந்து, இரவு பத்து வரை ஏறும். அன்று ஏழரைக்கு 1002 மில்லிபார். பத்து மணிக்கு 999. ஏற வேண்டிய நேரத்தில் மூன்று இறங்கியிருந்தது. கண்ணாடியை விரலால் தட்டினேன். முள் இன்னும் ஒரு மயிரிழை இறங்கியது.

இதை நோட்டில் எழுதினேன். அதற்குப் பக்கத்தில், “கருவி பழையது, நம்ப வேண்டாம்” என்றும் எழுதியிருக்கிறேன். கையில் தாள் இருந்ததால் கண்ணெதிரே இருந்த முள்ளை நம்பவில்லை.

என்னை எழுப்பியது சத்தம் அல்ல, காதுக்குள் ஏற்பட்ட ஓர் அடைப்பு. கைக்கடிகாரத்தில் 4.50. காற்று வடமேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. வந்து வந்து போகவில்லை, ஒரேயடியாக நின்று அழுத்தியது. ஷீட்டுகள் பைப்போடு சேர்ந்து அதிர்ந்தன. மச்சானும் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

“மாமா, இதுவா எட்டு மணிக்கு மேல?”

நான் டார்ச் எடுத்துக் கருவியைப் பார்த்தேன். 988. பார்க்கும்போதே முள் நகர்ந்தது. அந்த முள் நகர்வதைக் கண்ணால் பார்த்தது அதுவே முதல் முறை.

“இப்பவே கெளம்பணும்” என்றேன்.

அவன் கதவின் தாழ்ப்பாளை எடுத்தான். கதவு அவனைத் தூக்கி எறிந்தது. மிகைப்படுத்தவில்லை, அவன் பட்டறையின் நடுவில் போய் விழுந்தான். கதவு வழியாக மழை படுக்கை வாட்டத்தில் வந்து எதிர்ச்சுவரில் அடித்தது. வெளியே இருட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். தெருவின் குறுக்கே மின்கம்பம் ஒன்று கம்பிகளோடு கிடந்தது. தகரங்கள் பறந்தன. ஒரு தகரம் எதிர்வீட்டுச் சுவரில் மோதி மடங்கி, அங்கேயே ஒட்டிக்கொண்டதுபோல நின்றது. அந்தத் தெருவில் மூன்று பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஒருவர் வெறுங்கையோடு நடப்பதே முடியாது. கதவை மூட எங்கள் இருவரின் முதுகும் வெல்டிங் கேஸ் சிலிண்டர் ஒன்றும் வேண்டியிருந்தது.

முதல் ஷீட் 5.20க்குப் போனது. போல்ட் பிடுங்குகிற சத்தம் துப்பாக்கி வெடிப்பதுபோல ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு சமையலறைக்கு மேலே வானம் தெரிந்தது. ஒன்று போனதும் காற்று உள்ளே புகுந்து மற்றவற்றைக் கீழிருந்து தூக்கியது. அலுமினியப் பாத்திரங்கள் அறைக்குள் பறந்தன. மச்சான் மனைவி அத்தையின் மேல் குனிந்து கிடந்தாள். ஒரு குண்டான் அவள் முதுகில் பட்டு எகிறியது. அவள் கத்தியது வாயசைவில் தெரிந்தது, காதில் விழவில்லை.

பட்டறையில் ஒரு வேலை மேஜை இருந்தது. எஞ்சினை இறக்கி வைப்பதற்காக அவனே கனமான இரும்புச் சட்டத்தில் செய்தது. அதன் கீழ் அத்தையை இழுத்துப் போனோம். கட்டிலோடு நுழையவில்லை. பாயோடு இழுத்தோம். இடுப்பில் பிளேட் வைத்த மனுஷியைச் சிமென்ட் தரையில் மூட்டைபோல இழுத்தோம். அவர் போட்ட சத்தம் காற்றைத் தாண்டிக் கேட்டது.

“கொல்லுறீங்களேடா! புயலே தேவலாண்டா!”

“இன்னும் ரெண்டடிம்மா!”

“ஒன் ரெண்டடில இடி விழ!”

அவரைத் தள்ளி, அவர் மருமகளைத் தள்ளி, நான் நுழைந்தேன். மூன்று பேருக்குமேல் அதன் கீழ் இடம் இல்லை. மச்சான் வெளியே மண்டியிட்டு, மேஜையின் திறந்த பக்கத்தைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டான். வலது கையால் மேஜைக் காலைப் பிடித்திருந்தான். நான் இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றேனா? சொன்னதாக எனக்கு நினைவு. யாரும் கேட்டதாகச் சொல்லவில்லை.

5.55க்கு, அல்லது அதற்கு ஓரிரு நிமிடம் முன்பின்னாக, நடுவில் இருந்த பைப் சட்டம் மொத்தமாக எழும்பியது. ஒரு கணம் மேலே நின்றது. பிறகு ஷீட்டுகளோடு பட்டறைக்குள் இறங்கியது. மேஜை தாங்கியது. ஷீட்டின் உடைந்த விளிம்பு ஒன்று மேஜையின் ஓரத்தில் மோதி இரண்டாகி, அதில் ஒரு பாதி மச்சானின் முன்கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, அரிவாள்போல இறங்கியது. அதன்மேல் பைப் விழுந்தது.

அவன் கத்தவில்லை. “மாமா, கை எங்க இருக்குது பாருங்க” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

கை இருந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மழைத் தண்ணீர் விழ விழ ரத்தம் கழுவப்பட்டு, திரும்பத் திரும்பப் புதிதாக வந்தது. அவன் மனைவி தன் முந்தானையைப் பல்லால் கிழித்தாள். முழங்கைக்கு மேலே சுற்றி, ஒரு ஸ்பேனரைச் செருகி முறுக்கினேன். அவன் தலை என் தோளில் சாய்ந்தது. பற்கள் அடித்துக்கொள்வது என் எலும்பில் கேட்டது. அந்த நிலையில் ஐம்பது நிமிடம் இருந்தோம். சுவரில் மேற்புறச் செங்கற்கள் வரிசையாகக் கழன்று விழுந்தன. ஒவ்வொன்றும் மேஜைமேல் விழும்போது அத்தை எண்ணினார். பதினொன்று வரை எண்ணியது எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு காற்று தளர்ந்தது. நிற்கவில்லை, தளர்ந்தது. ஷீட்டுத் துண்டுகள் ஆடுவது நின்றது. மழை நேராக விழுந்தது. மேலே சாம்பல் நிற வெளிச்சம். எங்கோ ஒரு நாய் குரைப்பது கேட்டது.

“முடிஞ்சிதுடா சாமி” என்றார் அத்தை.

சுவர் பாதி நின்றது. அதில் கருவியும் மாட்டியபடியே இருந்தது. 974. முள் அசையவில்லை. வாசலில் போய் நின்று முகத்தில் காற்றைப் பார்த்தேன். வடமேற்கில் இருந்தது மேற்குக்கு வந்திருந்தது. மையம் எங்களுக்கு வடக்கே, மிகப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்குக் கிடைத்திருப்பது புயலின் நடுவே காற்று அடங்கிக் கிடக்கும் கண்ணின் ஓரம். அடுத்த காற்று தென்மேற்கிலிருந்து வரும். இதுவரை நிழலில் இருந்த பக்கத்தை அது அடிக்கும். பாதிச் சுவர் அதற்கு நிற்காது.

“முடியல. திரும்ப வரும், இந்தப் பக்கத்துலேருந்து. கால் மணியோ இருவது நிமிஷமோதான் இருக்கு. எதிர்வீட்டுக்குப் போவணும்” என்றேன்.

மச்சான் மனைவி என்னைப் பார்த்தாள். “இதுவும் பென்சில் கணக்காண்ணா?”

மச்சான்தான், “ஏய், தூக்குடி. மாமா சொல்றாருல்ல” என்றான். அவன் உதடு நீலமாக இருந்தது.

கட்டில் நொறுங்கிப் போயிருந்தது. பெயர்ந்து கிடந்த கதவில் அத்தையைக் கிடத்தி, அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மச்சான் இடது கையால் எங்களுக்கு முன்னால் கம்பிகளை விலக்கினான். பதினைந்து அடித் தெருவைக் கடக்க எங்களுக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. எதிர்வீட்டுப் பூட்டைப் பட்டறைச் சுத்தியலால் நான் உடைத்தேன். மூன்றாவது அடிக்குக் கொண்டி பெயர்ந்தது. உள்ளே முழங்காலுக்கு மேலே தண்ணீர், அதில் ஒரு செருப்பும் ஒரு காலண்டரும் மிதந்தன. அத்தையைச் சமையல் மேடையில் கிடத்தினோம். அடுப்பை இறக்கித் தண்ணீரில் போட்டோம்.

“அடுத்தவ அடுப்புமேல படுக்க வச்சிட்டீங்களே. அவ வந்து இன்னா சொல்லுவா?” என்றார் அத்தை.

ஏழு பத்துக்குத் தென்மேற்குக் காற்று வந்தது. முதல் காற்றைவிடப் பலமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் முதல் காற்று அசைத்து வைத்திருந்தவற்றையெல்லாம் இது விழவைத்தது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். நாங்கள் இருந்த வீட்டின் மேற்குச் சுவர் உள்ளே மடிந்தது. சிலிண்டர் உருண்டு தெருவுக்கு வந்தது. தெருக்கோடியில் இருந்த தூங்குமூஞ்சி மரம் வேரோடு பெயர்ந்து, நாங்கள் கதவைச் சுமந்து வந்த இடத்தில் விழுந்தது. வேர்த்தட்டு வீட்டுக் கூரை உயரத்துக்கு நின்றது. மேஜை இருந்த இடம் செங்கல்லுக்குக் கீழே போய்விட்டது.

ஒன்பதரைக்கு மேல் காற்று ஓய்ந்தது. ஆனால் சாலை என்று ஒன்று இல்லை. முதுநகரிலிருந்து ஆஸ்பத்திரி இருக்கும் மஞ்சக்குப்பம் வரை மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எதிர்வீட்டுக்காரரும் அவர் கம்பெனி ஆட்களும் ஐஸ் வெட்டும் கோடாலியோடு வந்து வழி செய்தார்கள். மச்சானை ஒரு மீன் வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் அவனை மேஜையில் ஏற்றியபோது மாலை மூன்றரை. கையை எடுக்க வேண்டியதில்லை என்றார்கள். நரம்பு போய்விட்டது, விரல்கள் வேலை செய்யாது என்றார்கள்.

சிதம்பரத்துக்குத் திரும்பியது ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி ஒன்று. திங்கள் காலை, நனைந்து காய்ந்திருந்த தாளை நோட்டில் ஒட்டுவதற்காக எடுத்தேன். 11.30. அதன் பக்கத்தில் மூன்று சிறிய எழுத்து. இந்திய நேரம் என்பதைக் குறிக்கும் எழுத்து. வழக்கமான பக்கம் கிரீன்விச் நேரத்தில் வரும். அன்று எடுத்த பக்கம் நம் நேரத்திலேயே அச்சாகியிருந்தது. அதன்மேல் நான் இன்னொரு ஐந்தரையைக் கூட்டியிருந்தேன். காலை பதினொன்றரைக்கு இருந்த புயலை மாலை ஐந்துக்கு இருந்ததாக வைத்துக் கோடு போட்டிருந்தேன்.

இதில் என்னை இன்றுவரை வாட்டுவது வேறொன்று. நம் நாட்டில் கருவி பார்க்கும் நேரங்கள் காலை ஐந்தரை, எட்டரை, பதினொன்றரை, பகல் இரண்டரை, மாலை ஐந்தரை என்று எல்லாமே அரையில் முடியும். அதில் ஐந்து மணி என்ற ஒரு நேரமே இல்லை. பதினைந்து வருடம் தினமும் இதைப் பார்த்தவன் நான். ‘5.00’ என்று என் கையாலேயே எழுதி, வட்டமிட்டு, பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

ஜனவரி நான்காம் தேதி ஆஸ்பத்திரியில் மச்சானிடம் சொன்னேன். அவன் மனைவியும் பக்கத்தில் இருந்தாள். தாளைக் காட்டினேன். சிவப்பு வட்டத்தைக் காட்டினேன்.

அவன் சிரித்தான். “அதுக்கின்னா மாமா? நீங்களா புயல வரச் சொன்னீங்க? அந்த எழுத்து எறும்பு சைசுல இருக்குது.”

“நான் பாத்திருக்கணும்.”

“கடைசில பாத்தீங்கல்ல. கால் மணி நேரம்னீங்க, அது கரெக்டா இருந்துச்சி. மேஜைக்கு அடியிலயே கெடந்திருந்தா நாலு பேருக்கும் ஒரே எடத்துல மாலை போட்டிருப்பாங்க.”

அவன் மனைவி ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“நீங்க அன்னிக்கு வராம இருந்திருந்தா, நாங்க வேன்லயே போயிருப்போம்ணா” என்றாள்.

அதில் கோபம் இல்லை. நடந்ததைச் சொன்னாள். அதற்குமேல் அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை என்பதால்தான் அப்படியே இங்கே எழுதுகிறேன். பழச்சுளையை அவன் வாயில் வைத்தாள். எனக்கும் இரண்டு சுளை கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேச மூன்று வருடம் ஆனது.

மச்சான் வெல்டிங்கை விட்டான். இடது கையால் எஞ்சினைத் தொட்டுப் பார்த்து எங்கே கோளாறு என்று சொல்லுவான், வேறு ஆட்கள் கழற்றி மாட்டுவார்கள். அத்தை அந்த வருடம் சித்திரையில் எழுந்து நடந்தார். ஆறு வருடம் கழித்து, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். நான் வரைபடம் பார்ப்பதை நிறுத்தவில்லை. சிவப்புப் பென்சிலை நிறுத்திவிட்டேன். நேரத்தை இப்போது அச்சில் உள்ளபடியே, எழுத்தோடு சேர்த்து நோட்டில் எழுதுகிறேன். யாரும் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதில்லை. ரேடியோவைக் கேளுங்கள் என்கிறேன்.

2023இல் மச்சானின் மகள் கல்யாணத்துக்கு எதிர்வீட்டுக்காரர் வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அன்று இரவு பள்ளிக்கூடத்திலிருந்து மச்சானுக்குப் போன் செய்தாராம். அங்கே ஒரு போட் ஓனர், புயல் விடிகிறபோதே ஏறிவிடும் என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்லி, இப்போதே வந்துவிடு, நான் ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாராம்.

“அதுக்குத் தம்பி இன்னா சொல்லிச்சி தெரியுமா சார்? ‘தெரியும்ணே, டீவியிலயும் அப்பிடித்தான் சொன்னான். எங்க மாமா அவ்வளவு தூரத்துலேருந்து மழையில வந்து கோடு போட்டுக் காட்டியிருக்காரு. இப்ப போயி எழுப்பி, நீங்க சொன்னது தப்புன்னு எப்பிடிண்ணே சொல்றது? இருக்கட்டும்’னிச்சி.”

நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் மச்சானிடம் கேட்டேன். “அவரு சரக்கு போட்டா எல்லார்கிட்டயும் எல்லாம் சொல்லுவாரு மாமா” என்றான். போன் வந்ததா இல்லையா என்று திரும்பக் கேட்டேன். “எனக்கு ஞாபகம் இல்ல” என்றான். பிறகு சாமியானாக்காரனைத் தேடிக்கொண்டு போய்விட்டான்.

என் நோட்டில் உள்ளவை இவை: இரவு 9.40க்கு என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தபோது என் போன் அறுந்தது. அதன்பின் அதில் சிக்னல் வரவில்லை. மச்சானின் போன் வேறு கம்பெனி. எதிர்வீட்டுக்காரர் கல்யாணத்தில் சொன்னபோது ஒன்பதரை மணி என்றார். இரண்டு மாதம் கழித்து நான் போய்க் கேட்டபோது சாப்பிட்டு முடித்த பிறகு, பதினொன்று இருக்கும் என்றார். மச்சானின் போன் செங்கல்லுக்கு அடியில் போய்விட்டது. பத்து மணிக்கு நான் கருவி பார்த்தபோது அவன் விழித்திருந்தானா என்பதை நான் எழுதி வைக்கவில்லை. அந்தத் தொலைபேசி அழைப்பு வந்ததா, வந்திருந்தால் அவன் அப்படித்தான் சொன்னானா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதியாகவில்லை.